ஈரத் தரை

புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் காற்றை அளக்கப் போயிருந்தேன். பத்திரிகை வேலையை விட்டு, வேலையிடச் சுகாதார ஆய்வு செய்யும் சிறு நிறுவனத்தில் சேர்ந்து அது இரண்டாவது ஆண்டு. அங்கே கலவை அறையில் நானோ தூளை மூட்டையிலிருந்து தொட்டியில் கொட்டுவார்கள். வெள்ளைத் தூள். ஒரு துகள் கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகக்கூடியது. தொட்டிக்கு மேல் தூசியை இழுக்கும் உறிஞ்சு குழாய் பொருத்துவதா வேண்டாமா என்பதை என் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்வதாக நிர்வாகம் சொல்லியிருந்தது.

கொட்டும் வேலை ஓர் அக்காவுடையது. ஐம்பது வயதிருக்கும். துணி மாஸ்க் கழுத்துக்கு இறங்கியிருந்தது. காற்றை இழுக்கும் சிறு கருவியை அவர் காலரில் மாட்டியபோது இரண்டு முறை இருமினார்.

"என்னா தம்பி, மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி கட்டுறீங்க?"

பக்கத்தில் நின்ற மூன்று பெண்கள் சிரித்தார்கள்.

"கழட்டாதீங்கக்கா. எப்பவும் செய்யுற மாதிரியே செய்யுங்க."

"எப்பவும் மாதிரியா? நீங்க வர்றீங்கன்னு நேத்தே ரூம கழுவியாச்சு. எஸ்டேட்டுல துரை வர்றாருன்னா லயத்து வீடுங்களயே கழுவி விடுவாங்கல்ல, அது மாதிரிதான்லா. மூட்டையக்கூட இன்னைக்கு மெதுவாத்தான் சாய்ப்போம்."

தரை ஈரமாக இருந்தது. சன்னல் விளிம்பில்கூடத் தூள் இல்லை. வழக்கமாக இருபது மூட்டையாம்; அன்று ஏழுதான். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். வேறு நாள் வருகிறேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் புஞ்சாக் ஆலாமில் வேறு வேலை இருந்தது. சொல்லவில்லை.

'தூசி குறைவு' என்று அறிக்கை எழுதினேன். ஈரத் தரையை எழுதவில்லை. அந்தக் கருவி தூளின் எடையைத்தான் காட்டும். இவ்வளவு நுண்ணிய தூள் எடையில் தெரியாது, துகள்களை எண்ணும் கருவியும் வேண்டும். அதைக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் அடக்கினேன். இப்படி முக்கியமானதைக் கடைசி வரிக்குத் தள்ளிச் செய்தி எழுதிய நிருபர்களை நானே ஒரு காலத்தில் கேலி செய்திருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தார்.

"தம்பி, நம்ம ரூமு பாஸாயிருச்சுலா! காத்து சுத்தமா இருக்கு, குழாய் வேணாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. எங்க நாலு பேருக்கும் கை தட்டுனாங்க."

நடுவில் இருமல் வந்தது. அது நிற்கும்வரை காத்திருந்தேன். முகம் சுட்டது.

மறுநாள் காலை, அறிக்கை தவறு என்று எங்கள் நிறுவன முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன். திட்டினார்; பிறகு மறுபடி அளக்க ஒப்புக்கொண்டார். இந்த முறை எண்ணும் கருவியோடு, நாள் சொல்லாமல் போனேன். தரையில் படிந்திருந்த தூளில் என் காலணித் தடம் பதிந்தது.

அக்காவுக்கு வருத்தம். "ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா? ரூமு அசிங்கமா கெடக்கு."

"இப்படித்தான் இருக்கணும்க்கா."

"அப்ப அன்னைக்கு நாங்க கழுவுனது தப்பா?"

"இல்லக்கா. கழுவுனீங்கன்னு நான் எழுதாததுதான் தப்பு."

அவர் காலரை இழுத்துப் பிடித்துக் கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல் கருவியை மாட்டினேன்.

துகள் எண்ணிக்கை அளவுக்கு மீறி வந்தது; நிர்வாகம் குழாய்க்கு ஒப்புக்கொண்டது. அது வர இன்னும் மூன்று மாதம் ஆனது. அதுவரை அவர் அதே தொட்டியருகேதான் நின்றார்.