பூவம்மாவுக்குக் கீரை பறிக்கக் கற்றுக்கொடுத்த வரதன்

மனைவி செய்கிற எதைப் பற்றியும் சொல்ல வரதனிடம் இருபத்திரண்டு வருடமாக ஒரே ஒரு சொல்தான் இருந்தது: கலீஜ்.

பூவம்மா வியாசர்பாடியில் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். மதியம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ரயில்வே காம்பவுண்டு ஓரமாகவே வீட்டுக்கு நடந்து வருவாள். மழை விட்ட நாட்களில் அந்தச் சுவரடியில் மூக்கிரட்டை தளதளவென்று படர்ந்திருக்கும். ஒரு முந்தானை பறித்து வருவாள். "இன்னாமே இது கலீஜு? மார்க்கெட்ல கீரையே இல்லியா?" என்பான் வரதன்.

மகள் யசோதராவின் பிறந்தநாளுக்கு அலுமினியக் குண்டானில் மணலைக் கொட்டிச் சூடேற்றி, அதற்குள் மாவு டப்பாவை இறக்கி அவள் கேக் சுடுவாள். "மண்ல பொதைச்சி எட்த்தா அதுக்குப் பேரு கேக்கா?" என்பான். சொல்லிவிட்டு மூன்று துண்டு தின்பான். அவள் பின்னிய வயர் கூடையோடு பஸ்ஸில் தன் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பான். சோறு கொதிக்கும் நேரத்தில் அவள் நின்றபடியே துப்பறியும் நாவல் படித்தால், "இவ புக்கு பட்சிகினு கீறா, சோறு கொழைஞ்சிகினு கீது" என்று மாடிப்படி வரைக்கும் கேட்கும்படி சொல்வான்.

பூவம்மா பதில் பேசுவதில்லை. பயம் என்று நினைக்க வேண்டாம். பதில் பேசினால் படித்துக்கொண்டிருந்த வரி தவறிவிடும்.

காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வரதன் கேட் சூப்பர்வைசர். போன வருடம் அங்கே அன்பரசன் என்று ஒரு புது மேனேஜர் வந்தார். வந்த வேகத்தில் ஊழியர்களை ஏசி ஹாலில் உட்காரவைத்து, வாழ்க்கையை எப்படி வாழ வேண்டும் என்று இரண்டு மணி நேரம் விளக்கினார். அவர் வீட்டில் ரொட்டியைக் கடையில் வாங்குவதில்லையாம், வீட்டிலேயே சுடுகிறார்களாம். கீரையைத் தேடிப் போய்ப் பறிக்கிறார்களாம். கையால் கூடை பின்னுகிறார்களாம். சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் புத்தகம் படிக்கிறார்களாம். திரையில் படங்கள் வந்தன. மரப்பலகை மேல் ரொட்டி, பிரம்புக் கூடையில் கீரை.

அன்று வரதன் வீட்டுக்குள் நுழைந்த நடையே வேறு. செருப்பைக்கூட ஜோடியாக விட்டான்.

"மே, இனிமே நம்ம வூட்லயும் ரொட்டி நாமளே சுடணும். கீரைய நாமளே பறிக்கணும். புக்கு படிக்கணும்."

பூவம்மா தரையில் உட்கார்ந்து மூக்கிரட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். "செரி" என்றாள்.

"இன்னா செரி? அதெல்லாம் உனுக்குத் தெர்யாது. நான் சொல்லிக் குடுக்கறேன்."

யசோதரா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கீரையைப் பார்த்தாள்.

முதலில் ரொட்டிக்கான புளித்த மாவு. இட்லி மாவு ஒரு நாள் கூடப் புளித்துவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற மனிதன், மைதாவையும் தண்ணீரையும் கண்ணாடி பாட்டிலில் கலந்து ஏழு நாள் புளிக்கவைத்தான். காலையும் மாலையும் அதற்குப் புது மாவு ஊட்டினான். வேலையிலிருந்து போன் செய்து, "வெயில் பட்டா நகத்தி வையி, பொங்கிச்சா பாரு" என்று விசாரித்தான். யசோதரா கைக்குழந்தையாக இருந்தபோது இத்தனை தடவை விசாரித்ததாகப் பூவம்மாவுக்கு நினைவில்லை.

ஓவன் வந்தது. போட்டதும் ஃபியூஸ் போனது. மறுபடி போட்டு, மறுபடி போய், ஒருவழியாக ஒரு ரொட்டி வெளியே வந்தது. கத்தி இறங்கவில்லை. ஃபியூஸைப் பற்றிச் சண்டை போட ஏறி வந்த கீழ்வீட்டு ஆட்டோக்கார லூர்து, ரொட்டியைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தான். சண்டையை மறந்துவிட்டான்.

"மேட்ல வண்டி நிறுத்தசொல்ல டயருக்கு அடில அண்டக் குடுக்க தோதா கீது மாமு. இன்னொண்ணு சுடு, ரெண்டு பக்கமும் ஆவும்."

அடுத்த ஞாயிறு கீரை. ரயில்வே சுவரோரம் வரதனின் கௌரவத்துக்குப் பற்றாது. ஆன்லைனில் வாங்கிய பிரம்புக் கூடை, ஒரு தொப்பி, செடியைப் படம் பிடித்தால் பேர் சொல்லும் ஆப், இத்தனையோடும் குடும்பத்தை எண்ணூருக்கு பஸ் ஏற்றினான். இறங்கி ஆற்றோரமாக நடந்தார்கள். பூவம்மா செருப்பு முனையால் தரையைக் கீறிப் பார்த்தாள். மேலே அனல்மின் நிலையத்துச் சாம்பல் மாவு மாதிரி படிந்திருந்தது.

"இங்க எத்தியும் பறிக்காதய்யா. சாம்பத் தண்ணி ஓடற எடம்."

"ரயிலாண்ட பறிக்கறவ இத்த பேசக் கூடாது."

"ரயிலு தண்டவாளத்து மேல ஓடுது. கீரை மேலயா ஓடுது?"

வரதன் போனை ஒரு செடிக்கு நேராக நீட்டினான். இதே ஜாதிச் செடியின் தளிரை வெளிநாட்டில் சூப் வைத்துக் குடிப்பார்கள் என்று ஆப் சொன்னது. பூவம்மா எட்டிப் பார்த்தாள். பட்டாலே அரித்து எரியும் காஞ்சொறி. "அத்தத் தொடாத" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கையாலும் ஒரு பிடி பறித்திருந்தான்.

அதன் பிறகு கூடை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். கையை உதறிக்கொண்டு வரதன் ஓடிய ஓட்டத்தில் இரண்டு நாய்கள் பயந்து ஒதுங்கின. ரோட்டோரம் மீன் விற்ற பெண் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி அவன் கைகளில் கொட்டினாள்.

"காஞ்சொறியப் போயி கையால பறிச்சியா? இன்னாத்துக்கு?"

"சூப்புக்கு" என்றாள் யசோதரா.

அந்தப் பெண் வரதனை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். இன்னொரு கை ஐஸை அள்ளிக் கொட்டினாள். வியாசர்பாடி வரும்வரை பஸ்ஸில் அவன் கை சங்கரா மீன் நாற்றம் அடித்தது.

பிறகு புத்தகம். வாழ்க்கையில் முன்னேறுவது பற்றிப் பன்னிரண்டு புத்தகங்கள் வாங்கி, அட்டையின் நிறப்படி அலமாரியில் அடுக்கினான். அவன் படித்தது முதல் புத்தகத்தின் முன்னுரை. பன்னிரண்டையும் ஒரே மாதத்தில், தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நேரங்களில், படித்து முடித்தது பூவம்மா. "எல்லாத்துலயும் ஒண்ணேதான். காலைல நாலரைக்கு எழுந்தா பெரியாளாயிடலாமாம்" என்றாள். அவள் அந்த நேரத்துக்கு எழுந்து குடம் நிரப்ப ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

இதற்கிடையே வரதன் அவளுடைய மணல் கேக்கைப் பிரம்புக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். அன்பரசன் நெகிழ்ந்துபோய், ஒரு சனிக்கிழமை மனைவியோடு வருவதாகச் சொல்லிவிட்டார்.

"நீ எப்பவும் செய்யறத செய்யி. பேச்ச நான் பாத்துக்கறேன்" என்றான் வரதன்.

வந்தார்கள். கேக்கும் கீரை வடையும் வைத்தாள். வரதன் நெஞ்சை நிமிர்த்தி, "ஃபேமிலிக்கு நான்தான் சார் டிரெய்னிங் குடுத்தேன்" என்றான்.

மேனேஜரின் மனைவி வடையைக் கடித்துவிட்டு, "இது என்ன கீரை? இவ்வளவு நல்லாயிருக்கு" என்று கேட்டார்.

"பாலக் மேடம்" என்றான் வரதன்.

"மூக்கிரட்டைங்க" என்றாள் பூவம்மா.

அன்பரசனின் முகம் மலர்ந்தது. "ஓ, தேடிப் போய்ப் பறிச்சதா? எந்தப் பக்கம்?"

"இதோ, ரயில்வே காம்பவுண்டு ஓரம்தான் சார். பன்னி வராத எடமா பாத்துப் பறிப்பேன். மூணு தண்ணில அலசிட்டேன்."

வாயருகே போன வடை தட்டுக்குத் திரும்பியது. அன்பரசன் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் மனைவி நான்காவது வடையை எடுத்தார்.

வரதன் நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தான். "மேடம் சுடற ரொட்டிய ஸ்க்ரீன்ல பாத்தோம். சூப்பரா இருந்துச்சு."

"நானா? எனக்கு வெந்நீர் மட்டும்தான் நல்லா வைக்க வரும்." அவர் சிரித்தார். "எங்க வீட்ல சமைக்கிற ரசூல் பீவி சுடறது அது. கீரையும் அவங்கதான் கொண்டு வருவாங்க. கூடையும் அவங்க பின்னினது. இவர் போட்டோ எடுப்பார்."

அன்பரசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வேலை ஒன்று அவசரமாக நினைவுக்கு வந்துவிட்டது. அவர் மனைவி கிளம்பும்போது அலமாரியில் பூவம்மாவின் நாவல்களைக் கண்டு இரண்டை இரவல் வாங்கிக்கொண்டு போனார்.

இதெல்லாம் நடந்தும் வரதன் அடங்கினானா என்றால், இல்லை. யார்டில் குடும்ப விழா வந்தது. மணல் கேக் செய்முறையை வரதன் மேடையில் செய்து காட்டுவான் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். அவனே போய்ப் பேர் கொடுத்திருந்தான்.

"நீ வந்து செய்யி பூவு. நான் மைக்ல வெளக்கறேன்."

"நீதான டிரெய்னிங் குடுத்தே? போயிக் குடு" என்றாள் பூவம்மா.

விழா நாளன்று மதியம் அவள் கட்டிலில் சாய்ந்து ஒரு கொலைக் கதையின் கடைசி அத்தியாயத்தில் இருந்தாள். போன் அடித்தது. வரதன் வாயைப் பொத்திக்கொண்டு பேசினான். பின்னால் மைக் சத்தம்.

"மே, மணலு எவ்ளோ ஒசரம் போடணும்? மூடி போடணுமா, வாணாமா? சீக்கிரம் சொல்லு, எல்லாரும் பாத்துகினு கீறாங்கோ."

"நாலு பக்கம் கீது. முடிச்சிட்டு சொல்றேன்."

கொன்றது குடும்ப டாக்டர்தான். மூன்றாவது அத்தியாயத்திலேயே அவளுக்குச் சந்தேகம் இருந்தது. புத்தகத்தை மூடி வைத்து, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, வரதனைக் கூப்பிட்டாள்.

"இனிமே வாணாம்" என்றான் அவன். "அடியோட தீஞ்சிடுச்சு. மண்ணு வேற உள்ள பூந்துட்ச்சு. கேன்டீன்ல சமோசா சொல்லிட்டாங்கோ."

"அப்ப வூட்டுக்கு வரசொல்ல யசோக்கும் எனுக்கும் ரெண்டு எட்த்துகினு வா" என்றாள் பூவம்மா.