தாஸின் தலையணையோரம் ஒரு வளையும் திரை

போன வாரம் எங்கள் தங்கச் சுரங்க ஊரான நந்திதுர்க்கில் என் நண்பன் தாஸை அடக்கம் செய்தோம்.

மைன்ஸில் பாறையில் துளை போடும் வேலை பார்த்தவன். தூசி படிந்து நுரையீரல் இறுகிவிட்டது. கடைசிக் காலமெல்லாம் கட்டிலும் ஆக்சிஜன் மெஷினும்தான். மல்லாந்தால் மூச்சு முட்டும்... ஒருக்களித்தே படுத்திருப்பான். நாவல் பித்தன் அவன்; அப்படிப் படுத்துக்கொண்டு தடித்த புத்தகத்தை எப்படிப் பிடிப்பது? மகள் ஸ்டெல்லா டேப்லெட் வாங்கித் தந்தாள். ஒரு பெரிய இருமலில் கை உதறி, கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கியது. அப்புறம் சுவரையே பார்த்துக் கிடந்தான்.

ஸ்டெல்லா தினமும் ரயிலில் பெங்களூரு போய் வேலை பார்ப்பவள். ஆபீஸ் தோழி மூலம் வெளிநாட்டிலிருந்து ஒரு இ-புக் ரீடர் வரவழைத்தாள். வளைகிற திரை. காலண்டர் அட்டை மாதிரி லேசு, விழுந்தாலும் உடையாது. தலையணையோரம் வளைத்துச் செருகினால் எழுத்து கண்ணுக்கு நேரே நிற்கும்.

இதெல்லாம் பணக்கார விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்திருந்தேன் — தாஸின் முகத்தைப் பார்க்கும்வரை.

"எப்டிடா கீது?"

"இது வளையுது. என் நெஞ்சுதான் வளைய மாட்டேங்குது" என்றான். சிரிக்கப் போய் இருமினான். "புக்குன்னா எவ்ளோ மிச்சம்னு கையிலயே தெரியும். இதுல தெரில. அதுவும் நல்லதுதான்."

போன மாதம் பக்கம் திருப்பவும் விரலில் தெம்பில்லை. ஸ்டெல்லா போன் செய்தாள்.

"அங்கிள், டாடி படிச்சிக் காட்டச் சொல்றாரு. எனக்கு தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நீங்க வர்றீங்களா?"

போனேன். காணாமல் போன மகனைத் தேடி அலையும் தகப்பனின் கதை. தினமும் கொஞ்சம் வாசித்தேன். ஒருநாள் தாஸ் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"கடைசிக்குப் போ. புள்ள கெடச்சானா, அத மட்டும் சொல்லு."

தள்ளிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். மகன் கிடைக்கவில்லை.

"கெடச்சிட்டான்டா" என்றேன்.

என்னையே பார்த்தான். "பொய் சொல்லாத. இருக்கறத படி."

படித்தேன். கண்ணை மூடிக் கேட்டான். "ம்... இது நெஜம்" என்றான். அவன் என்னிடம் பேசியது அதுதான் கடைசி.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஸ்டெல்லா சொன்னாள்: "டாடி பாதி படிச்ச புக்கு இன்னும் நெறைய கீது அங்கிள் அதுல. அழிக்க மனசு வரல."

அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

உடையாத திரை செய்ய நமக்குத் தெரிந்துவிட்டது. அதுவரைக்கும்தான் தெரிந்திருக்கிறது.