அண்ணனின் குரல் இருந்த கோப்பு

அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று கொழும்பில் டாக்டர் சொல்லிவிட்டார். மடுல்சீமைப் பக்கம் அண்ணன் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில், கோயில் திருவிழா என்றால் மைக்கைப் பிடிப்பது அவர்தான். பிள்ளையைக் காணோம் என்று அறிவிப்பதும், சாப்பாட்டுக்கு வரிசையாக வரச் சொல்வதும் அவர் குரலில்தான். அது போகப்போகிறது என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முன் அந்தக் குரலைப் பதிந்துவைக்க நினைத்தேன். பசறையில் என் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. வாரக் கடைசியில் அண்ணன் பஸ் ஏறி வருவார். தன் சின்ன மகளுக்காகக் கதைகள் சொல்வார். “எந்திரிம்மா, ஸ்கூலுக்கு நேரமாச்சு” என்பதுபோல அன்றாடப் பேச்சும் பேசுவார். என் போனில் பதிந்து, கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் போனில் அழிப்பேன். அதில் அவ்வளவுதான் இடம். இருமலையெல்லாம் வெட்டி, துண்டுகளை ஒழுங்காக அடுக்கி, ஒரே கோப்பாகச் சேமித்துவந்தேன்.

கடைசி முறை வந்தபோது, “அவ கல்யாணத்துக்கு ஒண்ணு பேசி வைக்கிறேன். நீ வெளிய போ. இத நீ கேக்கக் கூடாது” என்றார். நான் குசினிக்குப் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். அந்தத் துண்டைக் கேட்காமலே கோப்பில் சேர்த்தேன்.

அவர் கொழும்பில் வார்டில் இருந்தபோது பசறையில் இடியும் மழையுமாக இருந்தது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்து, கடைசியில் கம்ப்யூட்டர் எழும்பவே இல்லை. உள்ளே டிக் டிக்கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. நான் பதறவில்லை. கோப்பின் பிரதி ஒன்று பென்டிரைவில் இருந்தது.

பதுளையில் கம்ப்யூட்டர் திருத்தும், எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் ஒருவரின் கடைக்கு இரண்டையும் கொண்டுபோனேன். அவர் பென்டிரைவைத் திறந்து பார்த்தார்.

“இதுல சத்தமே இல்லயே தங்கச்சி. எந்தத் துண்டு எங்க இருக்கு எண்டு மட்டும்தான் இதுல இருக்கு. சத்தமெல்லாம் அந்த டிஸ்க்லதான்.”

“எடுக்க ஏலாதா நானா?”

“பாப்பம்.”

அதன்பிறகு பதுளைக்குப் போவதே என் வேலையாகிப்போனது. ஸ்டூலில் உட்கார்ந்து, திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உதவி செய்ய எனக்கு ஒன்றும் இல்லை. “இன்னும் ஓடுது” என்பார் நானா. சரி என்று திரும்புவேன்.

முடிவில் பெயரில்லாத கோப்புகள் கொஞ்சம் வந்தன. அவற்றில் பாதி வெறும் இரைச்சல். மற்றவை நடுவில் அறுந்திருந்தன. கல்யாணப் பேச்சு எதிலும் இல்லை.

“ஏலுமானதெல்லாம் செஞ்சு பாத்துட்டன் தங்கச்சி” என்றார் நானா. கிடைத்ததைப் போனில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அண்ணன் கழுத்தில் துளையோடு திரும்பி வந்தார். அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். இருப்பதைப் போடச் சொல்லிக் கை காட்டினார். போட்டேன். “எந்திரிம்மா” என்று குரல் வந்ததும் மகள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அப்பாவின் வாயைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடியும் வாயைப் பார்த்தாள். அண்ணன் கையை உயர்த்தினார். நிறுத்தினேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

“விடுங்க, கொஞ்ச நாள் போகட்டும்” என்றார் அண்ணி.

பிறகொரு நாள் பேனாவையும் தாளையும் அவர் முன் வைத்தேன். “கல்யாணத்துக்குன்னு என்ன பேசுனீங்க? எழுதித் தாங்கண்ணே.” வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு ‘மறந்துபோச்சு’ என்று எழுதினார். உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை.

மகளுக்கு மட்டும் அந்தத் துண்டுகள் வேண்டும். போன வாரம் யானைக் கதையைப் போடச் சொன்னாள். யானை ஆற்றில் இறங்கும் இடத்தில் குரல் நின்றுபோனது.

“பெறகு என்னாச்சு அத்தை?”

அண்ணன் சொந்தமாகக் கட்டிய கதை. எனக்குத் தெரியாது. அவரைப் பார்த்தேன். அவர் கையைத் தும்பிக்கையாக்கி, தண்ணீரை அள்ளி, யாரையோ முதுகில் ஏற்றிக் காட்டினார்.

“யாருப்பா? யார ஏத்துச்சு?”

மறுபடியும் காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். நான் பேனாவைத் தேடி எடுப்பதற்குள் அவள் கோபித்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். அண்ணன் கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.