பக்கத்துக்கு ஐந்து வரி

ஆடி மாதம் எங்கள் வீட்டுக்குள் மேகம் வரும். கதவைச் சாத்தினாலும் வரும். ஓட்டு இடுக்கில் நுழைந்து, கொடியில் காயாமல் கிடக்கும் துணியைத் தடவிவிட்டு, கடைசியில் புத்தக அலமாரியில் போய்த் தங்கிவிடும். ஏற்காட்டு மலையில் செம்மநத்தம் பக்கம் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டத்துக்குள் குடியிருக்கிற எங்களுக்கு ஈரம் புதிதில்லை. ஆனால் போன வருஷம் ஒரு நாவலை எடுத்தால் பாதிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவில் பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. கத்தி வைத்துப் பிரித்துப் பார்த்தேன், கிழிந்துதான் வந்தது. அந்தக் கதாநாயகி கல்யாணம் செய்துகொண்டாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி ஒரு இ-ரீடர் வாங்கிவிட வேண்டியதுதான் என்று.

வாங்க நினைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே புத்தகத்தைத்தான் படிப்போம். அவர் மத்தியானம் சாப்பிட்ட பிறகு, நான் பொழுது சாயும் நேரத்தில். அவர் நிறுத்திய பக்கத்தில் காப்பிக்கு நிழல் தருகிற சில்வர் ஓக் மரத்து இலை ஒன்று இருக்கும், என்னுடைய பக்கத்தில் பழைய பஸ் டிக்கெட். மறுநாள் தோட்டத்தில் கிளை கழித்துக் கவாத்து வெட்டினாலும் சரி, பழம் பறித்தாலும் சரி, ஒரு வரிசைச் செடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். முகம் தெரியாது. கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குக் கதை பேசும். ஒரே ஒரு கட்டுப்பாடு: பின்தங்கி வருகிறவர் எட்டாத இடத்தை முந்திப் போனவர் சொல்லக்கூடாது. இருபத்தெட்டு வருஷமாக எங்கள் குடித்தனம் இந்தப் பேச்சில்தான் ஓடியது என்று சொன்னால் தப்பில்லை.

ஆனால் ஒரு வருஷமாக அவர் பேசவில்லை. அதாவது, கதை பேசவில்லை. “நீயே சொல்லு புள்ள, நான் கேக்கறேன்” என்பதோடு சரி. இலை மட்டும் தினமும் பத்துப் பக்கம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. படிக்கிறார், ஆனால் என்னோடு பேசப் பிடிக்கவில்லை. இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். அவருக்கு நான் சலித்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. புதிதாக ஒரு கருவியும் அதற்குள் நூறு புத்தகங்களும் வந்தால் பேச்சும் திரும்பி வரும் என்று ஒரு நப்பாசை.

ஏற்காட்டில் பள்ளிக்கூட வேலை பார்க்கும் என் சினேகிதி ஒரு நாள் இரண்டு ரீடர்களோடு வந்தாள். சின்னது ஒன்று, பெரியது ஒன்று. நாங்கள் அப்போது படித்துக்கொண்டிருந்த நாவலையே இரண்டிலும் ஏற்றியிருந்தாள்.

“பத்து நாள் வச்சுப் பாருங்க. அடுத்தவங்க சொன்னாங்கன்னு வாங்காதீங்க. நீங்க எங்க உக்காந்து படிக்கறீங்க, எந்தக் கையில புடிக்கறீங்க, அதப் பாத்து வாங்கோணும்” என்றாள். எழுத்தை எப்படிப் பெரிதாக்குவது என்றும் காட்டினாள். என் வீட்டுக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சின்னதுதான் பிடித்தது. நான் ஓர் இடத்தில் உட்கார்ந்து படிக்கிற ஆள் இல்லை. அடுப்பில் பால் பொங்கும்வரை நாலு பக்கம், பஸ்ஸுக்கு நிற்கும்போது ஆறு பக்கம். சின்னது ஸ்வெட்டர் பையில் அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. பெரியது பலகைபோல் இருந்தது. ஓரத்தில் பக்கம் திருப்ப இரண்டு பொத்தான்கள் வேறு. இது எதற்கு என்று அலமாரியில் வைத்துவிட்டேன்.

சின்னதிலும் ஒரு சங்கடம் இருந்தது. தோட்டத்து ஓரப் பாறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். குப்பனூர் ரோட்டில் ஏறும் பஸ்ஸின் ஹாரன் கீழேயிருந்து கேட்டது. அடுத்த நிமிஷம் சத்தம் மங்கிவிட்டது, மேகம் ஏறி வந்து சுற்றிலும் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. மிளகுக்கொடி தெரியவில்லை, என் கால் தெரியவில்லை. மடியில் அந்தத் திரை மட்டும். அதில் பொடிப்பொடியாக நீர் இறங்கியது. ஒரு துளி திரண்டு உருண்டது, பக்கம் தானாகத் திரும்பியது. இன்னொரு துளி, இன்னொரு பக்கம். தொடுதிரைக்கு என் விரலும் மேகமும் ஒன்றுதான் போலிருக்கிறது. துடைக்கக் கை போகவில்லை. மேகம் அவசரம் இல்லாமல் படித்துக்கொண்டே போனது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முந்தானையால் துடைத்தபோது மூன்று அத்தியாயம் தாண்டியிருந்தது.

அவரிடம் நீட்டிப் பார்த்தேன். அவர் கட்டைவிரல் காப்பிப் பழக்கறையிலும் வெடிப்பிலும் காய்த்துப்போய் ரேகை தேய்ந்தது. ரேஷன் கடை மிஷினே நாலு தடவை வைத்தால்தான் ஒத்துக்கொள்ளும். திரை அசையவே இல்லை. “உன்றது புள்ள, நீயே வச்சுக்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குக் கோபமான கோபம். ஆசையாய் ஒன்று வாங்கலாம் என்றால் ஏறெடுத்துப் பார்க்கிறாரா மனுஷன்?

ஒன்பதாம் நாள் சின்னதில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கரண்டும் இல்லை. அலமாரியிலிருந்து பெரியதை எடுத்துத் திறந்தேன்.

பக்கத்துக்கு ஐந்தே வரி இருந்தது. ஒவ்வோர் எழுத்தும் காப்பிக்கொட்டை அளவு. இரண்டாம் அத்தியாயத்தின் நடுவில் நின்றிருந்தது.

காகிதப் புத்தகத்தில் அவருடைய இலை கடைசி அத்தியாயத்துக்கே வந்திருந்தது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆனியில் அவருக்குக் காய்ச்சல், தலை தூக்க முடியாமல் கிடந்தார். அன்றைக்கும் இலை சரியாகப் பத்துப் பக்கம் நகர்ந்திருந்தது. அப்போது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

ரீடரை எடுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போனேன். கவாத்துக் கத்தியோடு நின்றிருந்தார்.

“ஏனுங்க, எத்தன நாளா கண்ணு தெரியல?”

கத்தியைக் கிளையில் மாட்டினார். “தெரியாம எல்லாம் இல்ல. எழுத்துத்தான் கரையுது. போன காப்பி பறிப்புக்கு முன்னாலயே ஆரம்பிச்சுது.”

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறச்சிருக்கீங்களே! ஒரு வருசமா எலய நகத்தி நகத்தி வச்சீங்களா?”

“நான் படிக்கலைன்னு தெரிஞ்சா நீ கத பேசறத உட்டுருவ. எனக்கு மனசு நோவும்னு வாய மூடிக்குவ. உன்ற பேச்சில்லாம இந்த வரிசைல நான் ஒத்தைல நிக்கோணுமா?”

நான் திட்டினேன். அழுதுகொண்டே திட்டினேன். என் பேச்சு சலித்துவிட்டது என்று நினைத்தேனே, அது போய்விடக்கூடாது என்றுதான் அவர் இந்தக் கூத்தெல்லாம் ஆடியிருக்கிறார். மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம் போனோம். கண் நரம்பு தளர்ந்திருக்கிறது, போன பார்வை வராது, மீதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

பெரியதைத்தான் வாங்கினோம். பொத்தானுக்கு ரேகை பார்க்கத் தெரியாது, அவர் விரலுக்கு உடனே பணிந்தது. தொடுதிரையை அணைத்துவைத்தால் மேகமும் ஒன்றும் செய்ய முடியாது. என் ஸ்வெட்டர் பையில்தான் அது நுழையவில்லை. போகட்டும்.

இப்போது பின்தங்கி வருகிறவர் அவர்தான். ரீடர் ஒன்றுதான், அதனால் அவர் நிறுத்திய இடம் வரைக்கும்தான் நான் படிக்கலாம் என்று புதுக் கட்டுப்பாடு. அவருக்கு ஒரு மத்தியானம் முழுக்க எடுப்பதை நான் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். மார்கழியில் ஒரு கதை. அதில் ஒரு பெண் ஆற்று வெள்ளத்தோடு போய்விடுகிறாள். அந்த இடத்தில் அவர் நிறுத்திவிட்டார். என்னால் முடியவில்லை. கள்ளத்தனமாக மேலே படித்து, முடிவுவரை போய்விட்டு, பொத்தானை அழுத்தி அழுத்தி அவருடைய ஐந்து வரிக்கே கொண்டுவந்து வைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் படித்துவிட்டுப் பழம் பறிக்க வந்தவர், கூடையைக்கூட இடுப்பில் கட்டவில்லை. செடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் ஓடி வந்தது.

“புள்ள! அவ பொழச்சுக்கிட்டா! மரத்தப் புடிச்சுக் கரையேறிட்டா!”

“அய்யோ, மெய்யாலுமா?” என்று கத்தினேன். “நான் இன்னும் அங்க வரலீங்களே! அதுக்குள்ள சொல்லிப்போட்டீங்களே!”

“சொல்லக்கூடாதுதான். நாக்கு நிக்கல புள்ள, நொம்ப சந்தோசமாப் போச்சு” என்று சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! எப்படிப் பிழைத்தாள், யார் பார்த்தார்கள், என்ன சொன்னாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் ஒவ்வொன்றுக்கும் வியந்தேன். அழுகையும் வந்தது. நல்லவேளை, நடுவில் செடி இருந்தது.