மலிவு டிக்கெட்டும் பண்டத்தரிப்பிலை வைச்ச பையும்

நான் எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டனான் எண்டு ஊரிலை சொல்லுவினம். அது பிழை. பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது, அதுவும் பெரிய சந்தோசத்தோடை. அண்டையிலையிருந்து வல்வெட்டித்துறைக் கடலிலை மீன் பிடிக்கிறன். மீனுகள் என்னட்டை சேர்ட்டிபிக்கட் கேக்கிறேல்லை.

என்ரை மனிசிக்கு ஒரு பழக்கம். நான் கடலுக்குப் போற நேரமெல்லாம் கரையிலை வந்து நிப்பா. போட் கண்ணுக்கு மறையும் மட்டும் பாத்துப்போட்டுத்தான் வீட்டை போவா. திரும்பி வாற நேரத்துக்கும் வந்து நிப்பா. எத்தினையோ வருசமா உதுதான் நடக்குது. ஒருநாள் நான் கிழிஞ்ச வலையைப் பொத்தித் தைச்சுக்கொண்டிருக்க, பக்கத்திலை வந்து குந்தினா.

"இஞ்சாருங்கோ, நீங்கள் போற கடலை நான் ஒருக்கா மேலையிருந்து பாக்கோணும்."

"மேலையிருந்தெண்டா? பனையிலை ஏறப்போறீரோ?"

"பிளேனிலை."

கலியாணம் கட்டின நாளிலையிருந்து ஒரு காப்புக்கூடக் கேக்காத மனிசி, கேட்டதுதான் கேட்டா, பிளேனைக் கேட்டிட்டா. பகிடி விட்டுத் தப்பலாமெண்டு பாத்தன். அவ சிரிக்கேல்லை. "கரையிலை நிண்டு பாத்தா ஒரு கோடுதான் தெரியுது. அந்தக் கோட்டுக்கு அங்காலை நீங்கள் எங்கை போறியள் எண்டு எனக்குத் தெரியாது" எண்டா. நான் வலையை மடிச்சு வைச்சன்.

யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு டிக்கெட் போடுற கடை. அங்கை இருந்த பிள்ளையிட்டைப் போய்க் கேட்டன். "தங்கச்சி, கடலுக்கு மேலாலை கனநேரம் போற மாதிரி, காசு கனக்கப் போகாத மாதிரி ஒரு பிளேன் இருக்கோ?"

அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அங்கிள், பலாலியிலையிருந்து மெட்ராசுக்குப் போகலாம். ஆனால் ஏறினவுடனை இறங்கவேண்டி வரும். மாலைதீவுக்குப் போங்கோ. முழுக்கக் கடல். கொழும்புக்குக் கிட்டக் கட்டுநாயக்காவிலை ஏறோணும், விசாவுக்கும் அலையத் தேவையில்லை" எண்டுது.

கரையிலை சொன்னன். எல்லாருக்கும் அதிர்ச்சி. "அண்ணை, தீவிலையிருந்து தீவுக்கோ? கடல், தென்னை, வெய்யில் எல்லாம் இஞ்சை இலவசமாய்க் கிடக்கு!" எண்டான் ஒருத்தன். "அங்கத்தை மீனுக்கு உவரைக் கண்டா ஆளைத் தெரியாது, அதுக்குத்தான் போறார்" எண்டான் மற்றவன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. வெள்ளைக்காரன் காசு குடுத்து வெய்யில் காய வாற இடத்திலை பிறந்துபோட்டு, நான் காசு குடுத்து வேறை வெய்யிலுக்குப் போறன்.

சீட்டுக் காசு கொஞ்சம் கையிலை இருந்தது. காணாது. டிக்கெட்டை மலிவாய் எடுத்தால்தான் சரிவரும். அந்தப் பிள்ளை போனிலை விலை பாக்கிறதெப்பிடி எண்டு காட்டித் தந்தது. காலமை ஒரு விலை. மத்தியானம் வேறை விலை. மனிசிக்குக் காட்டுவம் எண்டு திரும்பத் திறந்தால் இன்னும் கூட. மீன்கூட அரை நாளிலை இப்பிடி விலை ஏறாது.

ஆனால் ஏலத்திலை நான் பழம் திண்டு கொட்டை போட்டவன். கரையிலை மீனை வாங்க வாறவன் என்ன செய்வான்? வேண்டாத மாதிரி மூஞ்சையை வைச்சுக்கொண்டு அங்காலை பாத்துக்கொண்டு நிப்பான். விலை இறங்கும். நானும் அதையே செய்தன். போனிலை டிக்கெட்டைத் திறந்து வைச்சுப்போட்டு, வேலியைப் பாத்துக்கொண்டு கொட்டாவி விட்டன். கடைக்கண்ணாலை பாத்தன். விலை இறங்கேல்லை. போனைக் கவிட்டு வைச்சுப்போட்டு, "எனக்கு உது தேவையில்லை" எண்டு சத்தமாய்ச் சொன்னன்.

மனிசி குசினிக்குள்ளையிருந்து, "ஆரோடை கதைக்கிறியள்?" எண்டா.

"பிளேன்காரனோடை."

"அவனுக்குக் கேக்குதோ?"

"கேக்காத மாதிரி நடிக்கிறான்."

கடைசியிலை அந்தப் பிள்ளைதான் ஒரு புதன்கிழமையைக் கண்டுபிடிச்சுது. காலமைப் பிளேன். மற்ற நாளின்ரை விலையிலை அரைவாசி. இதிலை ஏதோ ஓட்டை இருக்கு எண்டு நினைச்சன். பிளேனிலை செட்டை இல்லையோ எண்டுகூடக் கேட்டன். "செட்டை இருக்கு அங்கிள். பெட்டி கொண்டுபோகேலாது, சின்னப் பை மட்டும்தான். எந்தச் சீட் எண்டு நீங்களே தெரிஞ்செடுக்கிறதெண்டா தனிக்காசு." சீட்டை அவங்களே பாத்துத் தரட்டும், நான் என்ன தோட்டத்துக்குக் காணி தெரிஞ்செடுக்கிறனோ எண்டு சொல்லி டிக்கெட்டைப் போட்டிட்டு வந்தன்.

வீட்டிலை மனிசி கலண்டரை எடுத்துப் பாத்தா. முகம் வெளிறிப் போச்சு.

"புதன் காலமைப் பிளேனெண்டா செவ்வாய்க்கிழமை வெளிக்கிடோணும். அண்டைக்கு அட்டமியெல்லோ! செவ்வாயும் அட்டமியும் சேந்த நாளிலை ஆரும் பயணம் போவினமோ?"

அப்பதான் எனக்கு விலையின்ரை மர்மம் விளங்கினமாதிரி இருந்தது. பிளேன்காரனும் கலண்டர் பாக்கிறான் போலை கிடக்கு. நாளை மாத்தச் சொல்லிக் கேட்டால், மாத்துற காசு டிக்கெட்டைவிடக் கூட. அவ வரமாட்டன் எண்டு ஒரே பிடி. சாத்திரியாரிட்டை ஓடினன். அவர் வழி சொன்னார். பரஸ்தானம் எண்டு ஒண்டு இருக்கு. வெளிக்கிடுற நாள் கூடாதெண்டா, அதுக்கு முந்தி ஒரு நல்ல நாளிலை பயணப் பையைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியிலை வேறை ஒரு வீட்டிலை வைக்கிறது. பை வெளிக்கிட்டால் பயணம் வெளிக்கிட்டமாதிரி. பிறகு எந்த நாளிலையும் போற வழியிலை அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

பண்டத்தரிப்பிலை எனக்கொரு கூட்டாளி இருக்கிறான், வெங்காயத் தோட்டம் செய்யிறவன். ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்திலை மோட்டச்சைக்கிளிலை பையைக் கொண்டுபோனம். வெளிக்கிட முந்தி எனக்கு ஒரு புத்தி வந்தது. உடுப்போ பயணம் போகுது? பாஸ்போட்தானே போகுது. அதாலை ரெண்டு பாஸ்போட்டையும் டிக்கெட்டையும் பைக்குள்ளை வைச்சன். மனிசிகூட, "ஓம், அதுதான் சரி" எண்டா. நான் சொன்னதை அவ சரியெண்டு சொன்னது அண்டைக்குத்தான். அப்பவே நான் யோசிச்சிருக்கோணும்.

கூட்டாளியின்ரை பெரியப்பா ஒருத்தர் அந்த வீட்டிலை இருந்தவர். வயசு போனவர், ஆனால் வாய் போகேல்லை. "என்ன மோனை, மீனைப் பாக்கப் பிளேனிலை போறியோ? பையைக் கொண்டா, என்ரை கட்டிலுக்குக் கீழை வைக்கிறன். ஆரும் தொடாங்கள்" எண்டார்.

செவ்வாய்க்கிழமை காலமை கூட்டாளி ரெண்டு மூண்டு தரம் போன் எடுத்தவன். நான் தூக்கேல்லை. பயணம் போறன் எண்டு கேள்விப்பட்டவை எல்லாம் ஏதாவது வாங்கிக்கொண்டு வரச்சொல்லித்தான் எடுக்கிறவை. உவனும் சென்ட் போத்தல் கேக்கப்போறான் எண்டு நினைச்சிட்டன்.

பின்னேரம் யாழ்ப்பாணத்திலையிருந்து கொழும்பு பஸ். மத்தியானமே ஓட்டோ பிடிச்சுப் பண்டத்தரிப்புக்குப் போனம். ஒழுங்கையிலை திரும்ப மேளச் சத்தம். வாசல் படலையிலை வாழை கட்டிக் கிடக்குது, முற்றத்திலை பந்தல், கதிரை, சனம். நடு வீட்டிலை பெரியப்பா படுத்திருக்கிறார். விடியப்புறம் நித்திரையிலையே செத்துப்போனாராம்.

பரஸ்தானம் வைச்சது நாங்கள். வெளிக்கிட்டது அவர்.

நான் போட்டிருந்தது பூப்போட்ட சேர்ட். தீவுக்குப் போறவை அப்பிடித்தான் போடுறவை எண்டு ஒருத்தன் சொன்னதைக் கேட்டு, வேண்டிப் போட்டுக்கொண்டு வந்தனான். செத்த வீட்டிலை இருந்த சனம் முழுக்க அந்தப் பூக்களை எண்ணிக்கொண்டு இருந்தது. மனிசி என்னை ஒரு பார்வை பாத்திட்டு, உள்ளுக்குப் போய்ப் பொம்பிளையளோடை இருந்து அழத் தொடங்கிட்டா. நான் மெல்ல மெல்லப் பெரியவரின்ரை அறைக்குப் போனன். கட்டில் இல்லை. கட்டில் கிடந்த இடத்திலையும் ஒண்டும் இல்லை. அறையைக் கழுவி விட்டிருக்கிறாங்கள்.

பின்வளவுக்கு ஓடினன். வேலியோரம் ஒரு குவியல். அவரின்ரை மெத்தை, தலாணி, பாய், ஊண்டுதடி, எல்லாத்துக்கும் மேலை எங்கடை பை. சுடலைக்குக் கொண்டுபோய் எரிக்கிறதுக்கு வைச்சிருக்கு. ஒருத்தர் வந்து குவியலைக் கயித்தாலை கட்டத் தொடங்கிறார்.

நான் பாய்ஞ்சு பையைக் கட்டிப்பிடிச்சன். வாயைத் திறந்தால் சொல்லு வரேல்லை, அழுகைதான் வந்தது. சத்தியமாய் அழுதன். நாலைஞ்சு பேர் ஓடி வந்து என்ரை தோளைப் பிடிச்சாங்கள்.

"விடுங்கோ அண்ணை, போனவர் வருவாரோ?"

"பாவம், எவ்வளவு பாசம் பாரன். சொந்தக்காரர்கூட உப்பிடி அழேல்லை."

"சரி அண்ணை, பையை விடுங்கோ, எடுக்கிற நேரமாகுது."

"விடமாட்டன்!" எண்டு கத்தினன். அந்தாள் இழுக்கிறார், நான் இழுக்கிறன். அப்பதான் கூட்டாளி வந்தான், மேலிலை சேர்ட் இல்லாமல், ஈரத் தலையோடை. ஒரு கணம் பாத்திட்டு, "விடுங்கோ, அது அண்ணையின்ரை பை. மாலைதீவுக்குப் போறார்" எண்டான்.

அந்த அமைதியை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். மேளகாரன்கூட ஒரு அடியைத் தவற விட்டிட்டான்.

பாஸ்போட் பத்திரமாய் இருந்தது. ஆனால் பயணம் முடிஞ்சுது எண்டுதான் நான் நினைச்சன். அட்டமிக்கே வரமாட்டன் எண்ட மனிசி, தீட்டுப்பட்ட துடக்கு வீட்டிலை கிடந்த பையைத் தொடுவாவோ? அவ பிரேதம் எடுக்குமட்டும் அசையேல்லை. எடுத்தாப் பிறகு கிணத்தடியிலை தலையிலை தண்ணி வாத்தா, எனக்கும் நாலு வாளி ஊத்தினா. தீவுக்கெண்டு கொண்டுவந்த உடுப்பை உடுத்திக்கொண்டு பையைத் தூக்கினா.

"வாங்கோ, பஸ் போகப்போகுது."

நான் பின்னாலை போய்க் கேட்டன். "அப்ப அட்டமி? துடக்கு?"

"எங்களுக்கிருந்த கெட்ட நேரத்தையெல்லாம் அந்த மனிசன் தூக்கிக்கொண்டு போயிட்டார். இதுக்குப் பிறகும் நான் அந்தக் கடலைப் பாக்காட்டி அவருக்குத்தான் மரியாதை இல்லை."

செத்த வீட்டிலை போயிட்டு வாறம் எண்டு சொல்லக்கூடாது. ஒருத்தருக்கும் சொல்லாமல் வெளிக்கிட்டம். கூட்டாளி மட்டும் படலையடியிலை நிண்டு தலையை ஆட்டினான்.

கட்டுநாயக்காவிலை அடுத்த இடி. சீட்டை அவங்களே பாத்துத் தரட்டும் எண்டு விட்டனான்தானே, தந்திட்டாங்கள். எனக்குப் பின்னுக்கு ஜன்னல். மனிசிக்கு முன்னுக்கு, ரெண்டு தடிச்ச மொத்தமான ஆக்களுக்கு நடுவிலை. கடலையே வாழ்க்கையாய்ப் பாத்தவனுக்கு ஜன்னல், அதைப் பாக்கவெண்டு வந்தவளுக்கு ஆரோ ஒருத்தரின்ரை தோள்மூட்டு. அண்டைக்குச் சேமிச்ச காசை நினைச்சு என்ரை கன்னத்திலை நானே அடிச்சன். உள்ளுக்கு ஏறின உடனை அவவைக் கூட்டிக்கொண்டுபோய் என்ரை ஜன்னலிலை இருத்திப்போட்டு, நான் போய் அந்த ரெண்டு பேருக்கும் நடுவிலை செருகிக்கொண்டன். பிளேன் மேலை போகேக்கை கண்ணை இறுக்கி மூடினன். எனக்குக் கடலிலைதான் பயமில்லை.

அதாலை அவ என்னத்தைப் பாத்தா, எப்பிடிப் பாத்தா எண்டு எனக்குத் தெரியாது. மாலைதீவிலை இறங்கி வெளியிலை வந்தம். பச்சைத் தண்ணி, வெள்ளை மணல், எல்லாம் சும்மா கிடக்கு, அவ ஒண்டையும் பாக்கேல்லை. கடைசியிலை ஒரு மர வாங்கிலை குந்தினா.

"கண்டீரோ?" எண்டு கேட்டன்.

"ஒரு போட்டைக் கண்டனான். அரிசிக் குறுணி அளவு. அதைச் சுத்தி ஒண்டுமில்லை, ஒண்டுமே இல்லை. கரைகூட இல்லை." அவ என்ரை கையைப் பிடிச்சா. "உதுக்குள்ளையோ இவ்வளவு காலமும் நீங்கள் போய் வந்தனீங்கள்?"

நான் பக்கத்திலை போய் இருந்தன். அவ திரும்பவும் கேட்டா.

"பிளேனிலை வேலை செய்யிற பிள்ளை தண்ணியிலை மிதக்கிற ஒரு மஞ்சள் அங்கி போட்டுக் காட்டினதெல்லோ? ஒவ்வொரு சீட்டுக்குக் கீழையும் இருக்காம். ஆகாயத்திலை போறவனே கடலுக்குப் பயந்து அங்கி வைச்சிருக்கிறான். கடலிலை போறனீங்கள் என்ன வைச்சிருக்கிறியள்?"

"வெத்திலைப் பை" எண்டன். அது பகிடி இல்லை, உண்மை.

திரும்பி வந்த அடுத்த நாளே யாழ்ப்பாணத்துக்குப் போய், மலிவு டிக்கெட்டிலை நான் மிச்சம் பிடிச்சதிலை ஒரு அங்கி வாங்கிக்கொண்டு வந்தா. செம்மஞ்சள் நிறம், அடுத்த ஊருக்கும் தெரியும். விடியக் கரைக்கு வந்து, எல்லாருக்கும் முன்னாலை, சின்னப் பிள்ளைக்குப் போடுற மாதிரி என்ரை கழுத்திலை மாட்டி வாரை இழுத்துக் கட்டிவிட்டா. எங்கடை கரையிலை உந்த அங்கியை ஆரும் போடுறேல்லை. பெடியள் வலையைப் போட்டிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்கள்.

"என்ன அண்ணை, பிளேன் எத்தினை மணிக்கு?"

நான் அங்கியோடையே போட்டிலை ஏறினன். கன தூரம் போய்த் திரும்பிப் பாத்தன். அவ இன்னும் அங்கைதான் நிண்டா. நான் அவவுக்குத் தெரியாமல் போனபிறகும் அந்தச் செம்மஞ்சள் தெரிஞ்சிருக்கும்.

அவ கட்டிவிடுற அந்த வாரை, கரைக்குத் திரும்பி வருமட்டும் நான் இண்டைக்கும் கழட்டிறேல்லை.