கதவுக்கு வெளியே நின்றவள்

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஜெயசீலி குடும்பம் வாடகைக்கு வந்து பல வருஷம் ஆகிறது. அவள் தெற்கே நாசரேத் பக்கத்துப் பெண். கணவன் பிரிட்டோ சிறுசேரியில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறான். ஒரே மகள் அனுப்பிரியா கல்லூரியில் படிக்கிறாள். ஜெயசீலி முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள். தெருவில் பாதிப் பெண்கள் அவளிடம்தான் துணி கொடுத்தார்கள்.

வீட்டுக்காரர் ஜெயவேலு அந்த ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர்கள், இப்போது அதே நிலத்தில் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு ஜெயசீலி வீட்டுக் கேக் அவர் வீட்டுக்குப் போகும், பொங்கலுக்கு அவர் வீட்டுக் கரும்பு இங்கே வரும். அவருடைய மருமகள் ஜெயஸ்ரீயின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவளே ஜெயசீலிதான்.

அவளுக்கு ஒரே ஒரு குறை, அதையும் யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை உபவாசம் இருப்பாள், பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குத் தவறமாட்டாள், ஆலயத்துத் திரைச்சீலைகளைக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுப்பாள். இருந்தும் கர்த்தர் தன்னைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாரா என்ற சந்தேகம் போகவில்லை. அவருக்காகச் செய்த இதிலெல்லாம் தனக்கு வலித்தது எது என்று யோசிப்பாள். எதுவும் வலித்ததாக நினைவில்லை.

அந்த மாசி மாதம் எல்லார் போனிலும் ஒரே பேச்சு. வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று யார் யாரோ பேசி அனுப்பினார்கள். எந்த ஊரில் நடந்தது, யார் பிள்ளை என்று ஒன்றிலும் இல்லை. ஆனாலும் ஜெயசீலிக்கும் பயமாகத்தான் இருந்தது. இருட்டுவதற்குள் வீடு வந்துவிடு என்று மகளிடம் தினமும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வெயில் இறங்காத நேரம். அனு கல்லூரியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் கத்தல் கேட்டு ஜெயசீலி வெளியே வந்தாள். ஒருவன் ஓடி வந்துகொண்டிருந்தான். இருபது, இருபத்திரண்டு வயசிருக்கும். சிமென்ட் படிந்த பேன்ட், காலில் செருப்பில்லை. நெற்றி பிளந்து ஒரு கண்ணை ரத்தம் மூடியிருந்தது. அவள் வாசலுக்கு வந்ததும் கால் மடங்கி விழுந்தான். தெருமுனையில் ஆட்கள் திரும்புவது தெரிந்தது.

அவள் கிரில் கேட்டைத் திறந்து, அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தாள். யோசித்துச் செய்யவில்லை. இழுத்துப் போட்ட பிறகுதான் யாரை இழுத்தோம் என்று உறைத்தது. அவன் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே இந்தியில் ஏதோ சொன்னான். அனு கதவோரம் துண்டும் கையுமாக நின்றிருந்தாள்.

ஜெயசீலி பூட்டை மகள் கையில் கொடுத்தாள்.

"நான் வெளிய நிக்கறேன். உள்பக்கமா பூட்டிக்கோ. சாவிய எங்கிட்டயே கேட்டாலும் குடுக்காத. நூறுக்கு போன் பண்ணு."

"அம்மா, நான் எப்படி இவன்கூட..."

"கிச்சன் கதவுகிட்ட நில்லு. எதுன்னாலும் சத்தம் போடு."

அனு பூட்டினாள். போனை எடுத்துக்கொண்டு கிச்சன் பக்கம் போனாள்.

கூட்டம் வந்துவிட்டது. முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். முன்னால் ஜெயவேலு. அவருக்குப் பின்னால் கையில் இரும்புக் குழாயோடு நின்றவனை ஜெயசீலிக்கு நன்றாகத் தெரியும். சம்பத். பெருங்களத்தூரில் தண்ணீர் கேன் ஏஜென்சி வைத்திருப்பவன். அவள் போகிற ஆலயத்துக்கே போகிறவன். வாலிபர் கூட்டத்தில் கிட்டார் வாசிப்பான். அவள் வீட்டுக்குக் கேன் போடுகிறவனும் அவன்தான்.

ஜெயவேலுவின் பேத்தி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவள் காணாமல் போயிருந்தாள். தேடும்போது, இந்த வடக்கத்தி ஆள் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை வழியாக வந்ததை யாரோ பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அடித்ததில், அவன் விடுவித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். ஆளுக்கொரு வார்த்தையாகச் சொன்னதில் அவளுக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

"எங்கக்கா அவன்? பின்பக்கமா ஏரிக்கு ஓடிட்டானா?" என்று கேட்டான் சம்பத்.

ஆமாம் என்றால் போதும், எல்லாரும் போய்விடுவார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கரையை ஒட்டித் தகரக் கொட்டகைகளில் இவனைப் போலவே இருபது பையன்கள் தங்கியிருப்பது அதே நொடியில் ஞாபகம் வந்தது.

"உள்ளதான் இருக்கான். குடுக்க மாட்டேன்," என்றாள்.

 கூட்டத்தின் இரைச்சல் இன்னும் அதிகமானது. ஜெயவேலு கையைத் தூக்கி அவர்களை அமர்த்திவிட்டுப் பக்கத்தில் வந்தார். அவர் முகம் வியர்த்திருந்தது. இதுவரை அவளிடம் அவர் குரல் உயர்த்தியதில்லை.

"இன்னாம்மா பேசுற. நம்ம வூட்டுக் கொயந்தம்மா அது. நீ கையில வாங்குன கொயந்த."

"தெரியும்ணா."

"அப்ப தொற."

"அவன் தூக்கினானா இல்லையான்னு எனக்குத் தெரியாதுண்ணா. தூக்கியிருந்தா போலீஸ்ல குடுப்போம். நானே வந்து சாட்சி சொல்றேன். அடிக்கறதுக்குத் தர மாட்டேன்."

"இது என் வூடு. என் வூட்டுக்குள்ள அவன் கீறான். தொறன்னு நான் சொல்றேன்."

"உங்க வீடுதான். நாளைக்கே காலி பண்ணுன்னு சொல்லுங்க, பண்ணிடறேன். இப்ப தொறக்க முடியாது."

பின்னாலிருந்து ஒரு கல் வந்து ஜன்னல் கண்ணாடியில் பட்டது. யாரோ அவள் தோளைப் பிடித்துத் தள்ள, முதுகு கிரில்லில் மோதியது. அவள் இரண்டு கையாலும் பின்பக்கமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முகங்களைப் பார்த்தாள். பாதிப் பேர் அவளிடம் துணி கொடுத்தவர்களின் புருஷன்மார், பிள்ளைகள். அளவு நோட்டைப் பார்க்காமலே அந்த வீட்டுப் பெண்களின் தோள் அகலம் சொல்லுவாள். இப்போது அந்த முகங்களில் அவளுக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. ஜெபம் பண்ண முயன்றாள், வார்த்தை வரவில்லை. கர்த்தாவே, கர்த்தாவே என்று மட்டும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது வீட்டுக்குள் ஏதோ பெரிதாக விழுந்தது. கூடவே அனு வீறிட்ட சத்தம்.

"பொண்ணு உள்ள கீதுடா," என்று ஒருவன் கத்தினான். கூட்டம் ஓரடி முன்னே வந்தது.

 பெற்ற பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவனோடு வைத்துப் பூட்டச் சொன்னது அவள்தான். திரும்பினால் கம்பியிலிருந்து கையை எடுக்க வேண்டும். எடுத்தால் இவர்கள் உள்ளே போய்விடுவார்கள்.

"அனு," என்று திரும்பாமலே கூப்பிட்டாள்.

பதில் இல்லை. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று அவளுக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஒரு மனுஷனுக்காக மகளைக் கொடுத்துவிட்டேனோ என்று நினைத்ததை மட்டும் பிற்பாடு பிரிட்டோவிடம் சொன்னாள்.

"இருக்கேம்மா," என்று குரல் வந்தது. "அவன் மயங்கி மெஷின் மேல விழுந்துட்டான். ரத்தம் நிக்கல. துண்ட வச்சு அழுத்திக்கினு இருக்கேன்."

ஜெயசீலி மூச்சு விட்டாள். கூட்டத்திலும் இரண்டொருவர் அந்த வார்த்தையைக் கேட்டுத் தயங்கினார்கள். சம்பத் மட்டும் குழாயைக் கைமாற்றிக்கொண்டு, கேட்டை நெம்பிவிடலாம் என்று பக்கத்திலிருப்பவனிடம் சொன்னான். அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கொழந்தையோட அம்மா வரட்டும்," என்றாள் ஜெயவேலுவிடம். "ஜெயஸ்ரீ மட்டும் உள்ள போய்ப் பாக்கட்டும். வேற யாரும் வேணாம்."

ஆள் அனுப்பத் தேவையிருக்கவில்லை. ஜெயஸ்ரீ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. வழி விட்டார்கள். குழந்தையை மாமனாரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அனு பூட்டைத் திறந்து அவளை மட்டும் உள்ளே விட்டு மறுபடி பூட்டினாள்.

உள்ளே அவன் தரையில் கிடந்தான். பேன்ட் முழங்கால் வரை நனைந்து, ஏரிச் சேறு அப்பியிருந்தது. ஜெயஸ்ரீ அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று அனு பிறகு சொன்னாள்.  வெளியே வந்ததும் மாமனார் கையிலிருந்த குழந்தையின் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் ஈரமாக இருந்தது. அதுவரைக்கும் அதை யாரும் கவனிக்கவில்லை.

"கொழந்த தண்ணியில எறங்கிருக்கா மாமா," என்றாள் மாமனாரிடம். "பாவாடை நனைஞ்சிருக்கு. அவனும் நனைஞ்சிருக்கான். அடிக்காதீங்க. போலீஸ் வரட்டும்."

பெற்றவளே சொன்ன பிறகு கூட்டத்தில் வேகம் குறைந்தது. ஆனால் யாரும் கலையவில்லை. போலீஸ் வண்டி வரும்வரை எல்லாரும் அங்கேயே நின்றார்கள், ஜெயசீலியும் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். அவனைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது ஒருவன் எட்டி உதைத்தான். அதை அவளால் தடுக்க முடியவில்லை.

அவன் பேர் பிக்ரம், ஒடிசாக்காரன், பக்கத்தில் எழும்பும் அடுக்குமாடியில் டைல்ஸ் வேலை செய்கிறவன் என்பது மறுநாள் ஸ்டேஷனில் தெரிந்தது. நாரை பார்க்கத் தண்ணிக்குப் போனேன், அங்கிள் தூக்கிக்கினு வந்தாரு என்று குழந்தையே சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரியில் பிக்ரமின் நெற்றியில் தையல் போட்டு, இடது கைக்கு மாவுக்கட்டுக் கட்டி அனுப்பினார்கள்.

தெருவில் யாரும் ஜெயசீலியிடம் வந்து எதுவும் பேசவில்லை. நாற்பது பேர் தப்பு செய்த இடத்தில் ஒருத்தி மட்டும் செய்யாமலிருந்தால், அவள் முகத்தைப் பார்ப்பது மற்றவர்களுக்குக் கஷ்டம். கொடுத்த துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிப் போனார்கள். மெஷின் பல நாள் சும்மா கிடந்தது. பிரிட்டோ முதல் இரண்டு நாள் அவளிடம் பேசவே இல்லை. மூன்றாம் நாள், அனுவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டான்.  தெரியவில்லை என்றுதான் சொன்னாள். அவன் வெகுநேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்கி வரப் போனான்.

ஜெயவேலு காலி பண்ணச் சொல்லவில்லை, பேசவும் இல்லை. ஜெயஸ்ரீ மட்டும் ஒரு நாள் ஜாக்கெட் துணியோடு வந்தாள். ஜெயசீலி டேப்பை எடுத்து அளவு எடுத்துக்கொண்டாள்.

ஆலயத்தில் நடந்தது வேறு. பெண்கள் ஐக்கியத்தில் அவளை முன்னால் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். கர்த்தர் பெலன் கொடுத்த விதத்தைச் சொல்லுங்கள் என்றார் போதகரின் மனைவி ஆயரம்மா. ஜெயசீலி எழுந்து நின்றாள். வாயைத் திறந்ததும் அவள் கண்முன் வந்தது சம்பத்தின் கையிலிருந்த குழாய். அவனை நினைத்தாலே உடம்பு எரிந்தது. அவன் அன்றிலிருந்து ஆலயத்துக்கு வரவில்லை, அதில் அவளுக்கு ஒரு திருப்தியும் இருந்தது. அந்தத் திருப்தியை வைத்துக்கொண்டு எதைச் சாட்சி சொல்வது? இன்னொரு நாள் சொல்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு வலித்தது இதுதான், சம்பத்தைப் போய்ப் பார்ப்பது. கூட்டத்துக்கு முன்னால் நின்றபோது யோசிக்க நேரமில்லை. இதற்கு நேரம் நிறைய இருந்தது. ஒவ்வொரு நாளும் போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்தது. மனசில் பகையோடு அப்பமும் ரசமும் வாங்கக்கூடாது என்று, அந்த மாதத் திருவிருந்தில் அவள் எழுந்து போகாமல் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் சம்பத்தின் கடைக்குப் போனாள்.

அவன் கேன்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

"நான் அவன அடிக்கலக்கா," என்றான்.

"கையில பைப் இருந்துச்சு."

"இருந்துச்சு." கேனைத் திரும்பத் தூக்காமல், "நீங்க தொறந்திருந்தா அடிச்சிருப்பேன்," என்றான்.

பேசி வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. உன்மேல் எனக்கு ரொம்ப ஆத்திரம், அதைச் சுமக்க முடியவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாள். அவன் மன்னிப்புக் கேட்டான். தன்னிடம் மட்டும் கேட்டால் போதாது என்று அவள் சொன்னாள். அந்த ஆட்டோவிலேயே இருவரும் பிக்ரம் வேலை செய்த இடத்துக்குப் போனார்கள்.

அவன் கொட்டகை வாசலில் ஒற்றைக் கையால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். ஜெயசீலியைப் பார்த்துச் சிரித்தபடி எழுந்தவன், பின்னால் வந்தவனைப் பார்த்ததும் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். முதலில் சம்பத்தின் கைகளைத்தான் பார்த்தான். சம்பத் வழியில் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரே இந்தி வார்த்தையைச் சொன்னான். மாஃபி. மன்னிப்பு. பிக்ரம் பக்கத்திலிருந்த பையனிடம் மெதுவாக ஏதோ சொன்னான்.

"அக்கா வரலாம்," என்றான் அந்தப் பையன், தனக்குத் தெரிந்த தமிழில். "அண்ணன் வர வேணாம் சொல்றான். பயமா இருக்கு சொல்றான்."

சம்பத் தலையாட்டிவிட்டு வெளியே போய் ஆட்டோ பக்கத்தில் நின்றான். ஜெயசீலி பிக்ரமின் நெற்றித் தழும்பைப் பார்த்தாள், கொண்டு வந்த ரொட்டியைக் கொடுத்தாள். கை சரியாக இன்னும் ஒரு மாதம் ஆகுமாம், அதன் பிறகு ஊருக்குப் போகிறானாம், திரும்பி வருவானா என்று சொல்லத் தெரியவில்லை. சம்பத்தை மன்னிக்கும்படி அவள் அவனைக் கேட்கவில்லை. கேட்பதற்குத் தனக்கு உரிமை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

 திரும்பும் வழியில் பெருங்களத்தூர் சிக்னலில் வண்டி நின்றபோது சம்பத் கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுக்கு வரலாமாக்கா?"

 ஆத்திரம் முழுதாகப் போய்விடவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. சிக்னல் விழுந்து, பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது.

"வா," என்றாள். "சீக்கிரமே வா. சேர் எடுத்துப் போட ஆளில்ல."