மோட்டார் மேல் ஒரு பொட்டு

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் கல் அரைக்கும் பட்டறைக்கு ஓர் ஆராய்ச்சிக்கார அம்மா வந்தார். வெயிலில் கறுத்த, ஒல்லியான முகம். அந்தமான் கடலடி எரிமலையில் எடுத்த ஒரே ஒரு கல்லைத் தூளாக்க வேண்டும். அதைத் தொடும்போதெல்லாம் மோதிரத்தைக் கழற்றிவிடுவார்.

ஆபரேட்டர் வழக்கம்போல மெஷினுக்குக் குங்குமம் வைக்கப் போனார்.

“வேணாண்ணே. குங்குமத்துல ஈயம் இருக்கலாம். கடலடி மண்ணும் பூமிக்குள்ள போய் உருகி இந்தக் கல்லாச்சான்னு, இதுல இருக்கற ஈயந்தான் சொல்லணும். கலந்துட்டா வேற கல்லு இல்ல.”

“பொட்டு வெக்காம சுவிட்சு போட மாட்டேம்மா. கை போச்சுன்னா இன்னா பண்றது?”

அந்த அம்மா தன் நெற்றி ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மோட்டார் மூடியில் ஒட்டினார். “இது உதிராதுண்ணே.”

ஆபரேட்டர் சுவிட்சைப் போட்டார். அந்த அம்மா வெறும் நெற்றியோடு தூளை வாங்கிப் போனார்.

வெள்ளிதோறும் மெஷினைத் துடைப்பவன் நான்தான். அந்தப் பொட்டைச் சுற்றியே துடைக்கிறேன்.